கோழிக்கூண்டுக்கு மூன்று பூட்டு

விடிந்ததும் பூட்டுக்காரர் கொல்லைக்குப் போய் முதலில் பார்த்தது கோழிகளை அல்ல, பூட்டுகளை.

மேல் பூட்டு பூட்டியபடியே இருந்தது. நடுப் பூட்டும் அப்படியே. மூன்றாவது, அவரே பட்டறையில் உட்கார்ந்து செய்தது. கதவைச் சாத்தினாலே போதும், தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். அதை மட்டும் தோளில் கிடந்த துண்டால் ஒரு துடை துடைத்து, காதை ஒட்டி வைத்து, விரலால் சுண்டிப் பார்த்தார். கிண்ணென்றிருந்தது.

"எப்படி?" என்றார், பின்னால் வந்து நின்ற மனைவியிடம்.

"பூட்டெல்லாம் பத்திரமா இருக்கு. அப்படியே கொஞ்சம் கீழயும் பாருங்க."

கீழே பார்த்தார். கதவுக்குச் சற்றுத் தள்ளி, கம்பி வலை மண்ணைத் தொடும் இடத்தில், ஒரு பெரிய நாய் தாராளமாகப் போய் வரும் அளவுக்குக் குழி. தோண்டிய மண் ஈரம் காயாமல் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தது. குழியின் வாயில் கறுப்பாக இரண்டு மூன்று வால் இறகுகள்.

பூட்டுக்காரர் யாராவது கவனிக்கிறார்களா என்று தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

பார்க்காமல் எப்படி இருப்பார்? போன வாரம் புள்ளிக்கோழி காணாமல் போனதிலிருந்தே தெருவில் அவர் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. அவர் கடைக்குப் பக்கத்துக் கடை சலூன். சலூன்காரர் ஒரு ஆளின் கன்னத்தில் கத்தியை வைத்துக்கொண்டே, "ஊரார் வீட்டையெல்லாம் பூட்டறீங்க, உங்க வீட்டுக் கோழி மட்டும் சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிடுதே!" என்று கேட்டார். கடை நிறைய ஆள். எல்லோரும் சிரித்தார்கள். பூட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "இனிமே என் கூண்டுலேர்ந்து ஒரு இறகு வெளிய போகட்டும், என் கடைப் பலகையை நானே கழட்டி வெச்சிடறேன்!" என்று நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அந்தப் பலகை அவர் தொழில் பழகி முடித்து மாட்டிய பலகை. எழுத்தெல்லாம் வெயிலில் மங்கிவிட்டது. ஆனாலும் காலையில் கடை திறக்கும்போது அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது ஓடாது.

"கோழி? கோழி எல்லாம் இருக்கா?" என்றார்.

"இருக்கு. கறுப்பிக்குத்தான் வாலு பாதி இல்ல. அடைமுட்டையை விட்டு எழுந்திருக்காம மல்லுக்கு நின்னிருக்கா, பாவம்." அவள் குனிந்து இறகுகளைப் பொறுக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒரு இறகுன்னுதானே சொன்னீங்க?"

பூட்டுக்காரர் அவற்றை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பையில், சாவிக்கொத்தோடு சேர்த்துத் திணித்துக்கொண்டார்.

"இது போனது இல்ல. உதிர்ந்தது."

"ஓஹோ."

"இன்னொரு பூட்டு போட்டுடறேன். நாலாவது."

"வந்தது கதவு வழியாவா வந்துச்சு?"

"கள்ளன்னா கதவு வழியாத்தான் வரணும்."

"அதைக் கள்ளன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

முப்பது வருஷமாகக் கதவையே பார்த்துப் பழகிய மனுஷர். சுவர், கூரை, தரை இதெல்லாம் கதவைத் தாங்குவதற்காக ஏற்பட்டவை என்பது அவர் எண்ணம்.

அவர் மனைவி தையற்காரி. முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே தைத்துக் கொடுப்பவள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் அவள் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவது கோழிகள் மட்டும்தான். கணவரைக் கூப்பிட்டால் 'உம்' என்பார். கூடவே இருக்கும் தம்பியைக் கூப்பிட்டால் திரும்பிப் படுப்பான். புள்ளி போன அன்று அவள் மிஷினில் உட்கார்ந்தபடி அழுததை யாரும் பார்க்கவில்லை. இன்று அழுவதாக இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"துணி எங்கங்க பிரியும்? நடுவுலயா?" என்றாள்.

"இப்ப எதுக்குத் துணி?"

"விளிம்புலதான் பிரியும். அதுக்குத்தான் மடிச்சு அடிக்கறோம். இந்த வலை மடிப்பே இல்லாம மண்ணைத் தொட்டுக்கிட்டு நிக்குது. வலையை ஒட்டித் தோண்டினா நேரா உள்ளதான். வெளிப்பக்கமா ஒரு முழம் வலையை மடிச்சுத் தரையோட படுக்க வெச்சு, ஆணியடிச்சு, மேல மண்ணைப் போட்டு மூடிட்டா? எது வந்தாலும் கூண்டு ஓரத்துல வந்து நின்னுதான் தோண்டும். நகம் கம்பியில மாட்டும். அலுத்துப் போய்ப் போயிடும்."

"கூண்டுக்குப் பாவாடை தைக்கப் போறியா?"

"ஆமா. உங்க பூட்டுக்கு வேணா ஒரு ரவிக்கை தைச்சுத் தரேன்."

சத்தம் கேட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் அவள் தம்பி. ஒயரிங் வேலை தெரிந்தவன். வேலை தெரியும் என்பதோடு சரி. புள்ளி போன மறுநாள், ஏதாவது அசைந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்றைக் கூண்டில் மாட்டியது அவன்தான். கோழி தூக்கத்தில் கழுத்தைத் திருப்பும், விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் விடிந்துவிட்டது என்று எல்லாக் கோழியும் எழுந்து நடக்கும். ஆக, கோழிகளும் தூங்கவில்லை, வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. நேற்றுத்தான் அதைக் கழற்றினார்கள்.

"அக்கா சொல்றது சரிதான் அத்தான்," என்றான் அவன். "இல்லேன்னா வலையில லேசா கரண்ட் குடுத்து..."

"வேண்டாம்!" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில். அன்று இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்," என்றாள் அவள். "கறுப்பிக்குக் குஞ்சு பொரிக்கிற நேரம். அவளை இடம் மாத்தினா அடையை விட்டுடுவா."

வேலை தொடங்கியது. கடையைத் திறக்கப் போகாமல் பூட்டுக்காரர் கூண்டின் பூட்டுகளைத் திறந்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மண் வெட்டினார். வெட்டுவதும் முணுமுணுப்பதுமாக. அவள் புது வலையைப் பழைய வலையோடு சேர்த்து, மெல்லிய கம்பியால், பிளையரை வைத்துக்கொண்டு ஓட்டுத்தையல் போட்டாள். தையல் ஒரு இடத்தில் கோணியது. அதைப் பிரித்து மறுபடி போட்டாள்.

"கோழி பார்த்துக் குறை சொல்லப் போகுதா?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியுமில்ல."

உச்சி வெயில் ஏறியது. மூன்று பக்கமும் முடிந்து, குழி இருந்த பக்கம் மட்டும் பாக்கி நின்றபோது ஆணி தீர்ந்துபோயிற்று.

"டேய், போய் ஆணி வாங்கிட்டு வா," என்றாள் அவள் தம்பியிடம். "வளைஞ்ச ஆணி, ரெண்டு முனை இருக்குமே, அது."

தம்பி கொடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான். எதையும் இரவல் வாங்கும் பழக்கம் அவனுக்கு இல்லை, சட்டையைத் தவிர. அத்தான் சட்டை என்றால் அவனுக்கு மறுயோசனையே கிடையாது.

பூட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. வெறும் மேலோடு, குழியை உள்பக்கத்திலிருந்து செங்கல் வைத்து அடைக்கலாம் என்று கூண்டுக்குள் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார். ஆள் நிமிர முடியாத உயரம். முட்டி போட்டு நகர்ந்து உள்ளே போனார். கறுப்பி தன் மூலையிலிருந்து கழுத்தைச் சிலிர்த்து அவரைப் பார்த்து உறுமியது.

"நான்தான்," என்றார் அவர்.

அப்போது ஒரு காற்று அடித்தது. கதவு ஆடி வந்து சாத்திக்கொண்டது.

டொக்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தெருவில் எத்தனையோ பேரிடம் அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். இப்போது அது அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"என்னங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. அந்தச் சட்டையை எடு. பையில சாவி இருக்கு."

அவள் கொடியைப் பார்த்தாள். கொடியில் ஒரு துண்டும் இரண்டு பாவாடையும் ஆடிக்கொண்டிருந்தன.

"சட்டை கடைக்குப் போயிருக்கு," என்றாள்.

"அவனுக்குப் போனைப் போடு!"

அவள் போட்டாள். கூடத்தில் சார்ஜில் கிடந்த போன் உற்சாகமாகப் பாட்டுப் பாடியது.

"வேற சாவி எங்க?" என்றாள்.

"வேற சாவி கிடையாது. ரெட்டைச் சாவி இருக்கற பூட்டு பாதிப் பூட்டு."

"இது முழுப் பூட்டு."

"ஆமா."

"கடையில கருவி இருக்குமே? கம்பி, கிம்பி?"

"கடைச் சாவியும் அதே கொத்துல."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் அவரையே பார்த்தாள். கோழிகளும் பார்த்தன. அவர் வலைக்குள் கையை விட்டுப் பூட்டைத் தொட முயன்றார். நல்ல வலையாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள், விரல் நுழைந்தது, மணிக்கட்டு நுழையவில்லை. சாவித்துளையோ வெளிப்பக்கம். உள்ளே இருப்பவன் வெளியே வர வேண்டும் என்று கோழிக்கூண்டுப் பூட்டைச் செய்யும்போது யார் நினைப்பார்கள்?

அவள் மிஷின் மேஜையிலிருந்து பெரிய தையல் ஊசியை எடுத்து வந்தாள்.

"உள்ள விடு," என்றார் அவர் கூண்டுக்குள்ளிருந்து. "விட்டியா? இப்ப மெல்ல மேல தூக்கு."

"எதை?"

"ஊசியை இல்ல, உள்ள ஒரு நாக்கு மாதிரி..."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. உணரணும்."

ஊசி முறிந்தது.

"வலையை வெட்டிடு," என்றார் வேறு வழியில்லாமல்.

"எதை? காலையிலேர்ந்து நான் தைச்சதையா? அதெல்லாம் முடியாது. குழியைக் கொஞ்சம் பெரிசாக்கறேன், தவழ்ந்து வந்துடுங்க."

பூட்டுக்காரர் நிமிரப் பார்த்துக் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். "நான் பூட்டுக்காரன்டி. கதவு வழியாத்தான் வெளிய வருவேன். நாய் மாதிரிக் குழி வழியா வர மாட்டேன்."

நாயைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. கொல்லைப்புறப் படல் வழியாக ஒரு பழுப்பு நாய் உள்ளே வந்தது. அவள் "ச்சூ!" என்று கத்திக் கையில் இருந்த பிளையரை வீசுவதற்குள் அது ஓடி வந்து, குழிக்குள் தலையைக் கொடுத்து, உடம்பை ஒரு நெளி நெளித்து, கூண்டுக்குள் வந்து நின்றது.

அடுத்து நடந்ததைக் கோழிகளின் பாஷையில்தான் எழுத வேண்டும். இறக்கையும் தூசியும் கூச்சலுமாகக் கூண்டே எழும்பியது. ஒரு கோழி பூட்டுக்காரரின் தலையில் ஏறி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து, கையில் அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டது நாயின் கழுத்துப்பட்டை.

நாய் அவரைச் சட்டை செய்யவில்லை. கோழிகளையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தீவனத் தட்டுக்குப் போய், நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

"விட்டுடாதீங்க! கறுப்பி பக்கம் போயிடப் போகுது!" என்று வெளியே அவள் பதறினாள்.

"விடல, விடல." அவர் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். விரலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. பட்டையின் கொக்கியைச் சேர்த்து ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு தொங்கியது. புரட்டிப் பார்த்தார். அரத்தால் கோணல்மாணலாகத் தேய்த்த ஓரம். அடியில் ஒரு சின்ன வெட்டு.

பூட்டுக்காரருக்கு முகங்கள் மறந்துவிடும். பெயர்கள் மறந்துவிடும். ஒரு தடவை தன் மாமியாரையே யாரென்று கேட்டிருக்கிறார். ஆனால் அவர் கையால் செய்த பூட்டு அவருக்கு மறக்காது.

இது அவர் செய்த முதல் பூட்டு. தொழில் பழகப் போன புதிதில், குருநாதர் கழித்துப் போட்ட பித்தளைத் துண்டில் செய்து, தன் அக்காவின் தகரப் பெட்டிக்குக் கொண்டுபோய் மாட்டியது.

அக்கா இருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் பேச்சு வார்த்தை நின்று பல வருஷமாகிவிட்டது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பெட்டிக்கு அவர் தன் கையாலேயே பூட்டு செய்து கொடுத்து, "யானை வந்து இழுத்தாலும் திறக்காது" என்று பந்தலில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். நேரம் பார்த்துச் சாவி தொலைந்துபோயிற்று. மணப்பெண்ணின் புடவை பெட்டிக்குள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அக்கா வந்தாள். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள். மூச்சு விடும் நேரத்தில் பெட்டியைத் திறந்தாள். பந்தலே சிரித்தது. "யானைக்குத்தான் திறக்காது, கொண்டை ஊசிக்குத் திறக்கும்" என்று யாரோ சொன்னார்கள். அவர் சாப்பிடாமல் கிளம்பியவர்தான். அன்று முதல் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. பஸ் ஏறக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

"இது எங்க அக்கா வீட்டு நாய்!" என்றார். கூண்டே அதிர்ந்தது. "என் முதல் பூட்டைக் கொண்டுபோய் நாய்க் கழுத்துல மாட்டியிருக்கா பாரு!"

"தெரியும்," என்றாள் மனைவி.

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"அண்ணியைக் கடைத்தெருவுல பார்ப்பேன். பேசுவேன். ரவிக்கைகூட நான்தான் தைக்கிறேன்." அவள் முகத்தில் துளி பயம் இல்லை. "நாய்க் கழுத்துலதானே மாட்டியிருக்காங்க? குப்பையில போடலையே."

நாய் தட்டை நக்கி முடித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, அவர் மடியில் தலையை வைத்துப் படுத்தது. கூண்டு மெல்ல அடங்கியது. அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக். சற்று விட்டு, டிக். கறுப்பியின் அடியிலிருந்து. ஒரு முட்டைக்குள் இருந்து எதுவோ தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார் குரலைத் தாழ்த்தி. "உள்ளேருந்தே திறக்கறான்."

அவள் வலையில் நெற்றியை வைத்து உற்றுக் கேட்டாள். கண் கலங்கிவிட்டது. அதற்குள் வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

வந்தது சலூன்காரர். கழுத்தில் வெள்ளைத் துணியோடு பாதி முகம் மழித்த ஒருவர், இன்னும் தெருக்காரர்கள் நாலைந்து பேர், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் கறுப்பாக ஒரு வால் இறகு.

"உங்க மச்சான் பாக்கெட்ல கையை விட்டான், இது என் கடை வாசல்ல விழுந்துச்சு. கூண்டு இறகா இதுன்னு கேட்டா, பதில் சொல்லாம பஸ் ஏறிட்டான்..." என்று ஆரம்பித்தவர் பேச்சை நிறுத்தினார். கூண்டைப் பார்த்தார். கூண்டுக்குள் வெறும் மேலோடு உட்கார்ந்திருந்த பூட்டுக்காரரைப் பார்த்தார். தலையில் கோழி. மடியில் நாய். வெளியே பூட்டு.

"யாருங்க உங்களை உள்ள வெச்சுப் பூட்டினது?" என்று கேட்டார் மிகுந்த மரியாதையோடு.

பாதி மழித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைப் பலகை தன் தலைக்கு மேலிருந்து இறங்கி வருவது பூட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கதை நாளைக்கு ஊர் முழுக்கப் போகும். அதற்கு அப்புறம் எவன் வந்து இவரிடம் பூட்டு வாங்குவான்? வேறு தொழிலும் தெரியாது. அந்த நிமிஷம் நிஜமாகவே அவருக்கு அழுகை வந்தது. உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி! டேய் தம்பி! எங்கடா போய்த் தொலைஞ்சே?"

பூட்டுக்காரர் தன்னை மறந்து, "இங்க இருக்கேன்," என்றார். நாயும் அதே சமயம் தலையைத் தூக்கி ஒரு குரல் குரைத்தது.

அக்கா கொல்லை வாசலில் வந்து நின்றாள். நரைத்திருந்தாள். கொண்டை மட்டும் பழைய மாதிரியே பெரிதாக இருந்தது. கூண்டுக்குள் இருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதைத்தான் கூப்பிட்டேன்," என்றாள்.

"நாய்க்கு என் பேரா வெச்சே?"

"கூப்பிட்டுப் பழகின வாய். எத்தனை வருஷம் சும்மா இருக்கும்?" என்றாள். உடனே தம்பி மனைவி பக்கம் திரும்பினாள். "என்னம்மா இது கூத்து?"

தையற்காரி ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் கண் மூன்றாவது பூட்டின் மேலேயே இருந்தது. பிறகு அவள் கை மெல்லக் கொண்டைக்குப் போயிற்று.

"வேண்டாம்," என்றார் பூட்டுக்காரர். யாருக்கும் கேட்காத குரலில். "எல்லாரும் பார்க்கறாங்க."

அக்கா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கூண்டின் முன்னால் மண்டி போட்டு, கொண்டை ஊசியைச் சாவித்துளைக்குள் விட்டாள். கூட்டம் கழுத்தை நீட்டியது.

க்ளிக்.

மிகச் சன்னமான சத்தம். உள்ளே இருந்த நாக்கு தூக்கிக்கொண்ட சத்தம். முதல் தொடுகையிலேயே திறந்துவிட்டாள். கொல்லையில் இருந்த அத்தனை பேரிலும் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர்தான், பூட்டைச் செய்தவரும் அதைத் திறந்தவளும்.

பூட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு அசைவதற்காகக் காத்திருந்தார். கதவு அசையவில்லை. அக்கா நாக்கைப் பழையபடி விழவிட்டுவிட்டு, "ம்ஹூம்," என்று தலையை ஆட்டினாள். "என்னடா பூட்டு இது? அசையவே மாட்டேங்குதே." ஊசியை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். வெளியே எடுத்தபோது ஊசி கோணலாக வளைந்திருந்தது. அவள் கட்டைவிரல் அதை வளைத்ததை வலைக்கு உள்ளே இருந்தவர் மட்டும்தான் பார்த்தார்.

"ஒண்ணு போச்சு," என்று அதைச் சலூன்காரரின் காலடியில் எறிந்தாள். "இன்னொண்ணு இருக்கு, பார்க்கலாம்."

இரண்டாவதும் வளைந்தது. கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பாதி மழித்தவர் தன் கன்னத்தில் சோப்பு காய்வதை மறந்து, "இரும்புடா சாமி," என்றார். அக்கா பெருமூச்சு விட்டு எழுந்திருக்கப் போனவள், சரி இன்னும் ஒரு தரம் என்பது போல் மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாவது ஊசிக்குத்தான் கதவு திறந்தது.

"அப்பாடா," என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "முந்தி மாதிரி இல்லப்பா. என் தம்பி தொழில்ல தேறிட்டான்."

சலூன்காரர் வளைந்த ஊசிகளைப் பொறுக்கிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். தம் கத்தியைப் போலவே எந்தக் கருவியையும் மதிக்கத் தெரிந்தவர். "இறகு..." என்று இழுத்தார்.

"அது நாய் தூக்கிட்டுப் போன இறகா? எங்க வீட்டு ஆளே சட்டையில போட்டுக் கொண்டுபோன இறகு," என்றாள் தையற்காரி. "அதுக்கெல்லாம் பலகை கழட்ட முடியாது."

"நான் அதுக்குச் சொல்லலம்மா." அவர் குரலைத் தணித்தார். "என் கடை ஷட்டருக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவாரான்னு கேக்க வந்தேன்."

கூட்டம் கலைந்தது. பூட்டுக்காரர் குழியில் செங்கலை அடைத்துவிட்டு, தவழாமல், குனிந்து, கதவு வழியாகவே வெளியே வந்தார். தலையில் இருந்த கோழி தானாக இறங்கிக்கொண்டது. அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு, நாயின் பட்டையைப் பிடித்தபடி, அக்காவோடு தெரு வாசல் வரை நடந்தார்.

வாசலில் அக்கா நின்றாள்.

"தீவனத்துக்கு வந்திருப்பான். நல்லா சாப்பிடுவான், மத்தபடி சாது. ராத்திரியில என் கட்டில் கால்ல கட்டிப் போட்டுடுவேன். உன் கோழியை எடுத்தது இவன் இல்ல."

"பின்ன அந்தக் குழி?"

"இவன் தோண்டல. தோண்டினதை நான் பார்த்திருக்கேன். என் வீட்டுப் பக்கமும் வந்துச்சு." அவள் தெருவை ஒரு தரம் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டாள். "யார் வீட்டுதுன்னு இங்க நின்னு சொல்ற விஷயம் இல்ல. நாளைக்கு வந்து சொல்றேன்."

நாயை இழுத்துக்கொண்டு நாலடி போனவள் திரும்பினாள்.

"வந்தா, கதவு பூட்டியிருக்காதே?"

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். நாயின் கழுத்தில் ஆடிய கோணல் பூட்டைப் பார்த்தார்.

"பூட்டியிருந்தா என்ன?" என்றார். "உன்கிட்டதான் ஊசி இருக்கே, அக்கா."